விலையும் கடனும்

காசு கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுகிறதா? மளிகைக் கடையில் நின்று இப்படிக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நானும் வெகு காலம் சிரிக்கிற கட்சியில்தான் இருந்தேன். பூட்டானில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில், மரத்தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் கிடந்தபோதுதான் என் கட்சி ஆட்டம் கண்டது.

நாவல் எழுதிப் பிழைப்பவனுக்கு, ஓர் இரவுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதியில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்பது நியாயம். பாங்கியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் என் நண்பர். வெளிநாட்டில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் அவர் மகன், பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக இந்தப் பிரயாணத்தை ஏற்பாடு செய்திருந்தான். அம்மையாருக்கு முழங்கால் வலி. "மலையெல்லாம் என்னால் ஆகாது, நீங்கள் இவரோடு போய் வாருங்கள்" என்று என்னைக் கைகாட்டிவிட்டார். ஆக, நான் போனது இன்னொருவர் காசில். கடனைப் பற்றி யோசிக்க அதைவிடப் பொருத்தமான நிலை வேறு எது?

பூட்டான் நெடுநாள் கதவைச் சாத்தி வைத்திருந்த தேசம். 1958-ல் நேரு அங்கே போனபோது மோட்டார் போகும் சாலை கிடையாது. சிக்கிம் வழியாகத் திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கைக் கடந்து, குதிரையிலும் கால்நடையாகவும் போய்த்தான் பாரோவை அடைந்தார். 1961-ல் இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு வேலையைத் தொடங்கியது. மலையை வெட்டிய கூலியாட்களில் பலர் இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போன ஏழைகள். 1974-ல் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவு திறந்தது. திறந்த கதவில் ஒரு விலைச்சீட்டும் தொங்கியது. 2022-ல் வெளிநாட்டார் ஒவ்வொருவரும் இரவு ஒன்றுக்கு அரசுக்கு 200 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். 2023-ல் அதை 100 ஆகக் குறைத்தார்கள். இந்தியர்களுக்கு 1,200 ரூபாய். விடுதிக் கட்டணம் தனி.

இந்தக் கட்டணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வேலியே இல்லாத மலை என்ன கதிக்கு ஆளாகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2018-ல் சிம்லாவில் குடிதண்ணீர் இல்லாமல் ஊரே தெருவுக்கு வந்தது. பூட்டானோ நிலப்பரப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டுமென்று 2008-ல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. வைத்தியமும் பள்ளிப் படிப்பும் அங்கே இலவசம். வருகிறவன் அதற்கு ஒரு பங்கு கொடுப்பது தர்மந்தான். ஆனால் ஒன்று: அந்த வாசல் வருகிறவனின் பணப்பையைச் சோதிக்கிறது, பண்பைச் சோதிக்க அதற்கு வழி கிடையாது.

நாங்கள் தங்கிய விடுதி போப்ஜிகா பள்ளத்தாக்கில் இருந்தது. கார்த்திகை மாதக் குளிர். மேட்டின்மேல் கங்தே மடம். கீழே சதுப்பு நிலம். அதில் திபெத்திலிருந்து பனிக்காலத்துக்கு வந்து இறங்கிய கருங்கழுத்துக் கொக்குகள். வந்ததும் அவை மடத்தை மூன்று முறை வலம் வரும் என்று ஊரார் நம்புகிறார்கள். அவற்றின் சிறகில் தட்டிவிடக் கூடாதென்று அந்தப் பள்ளத்தாக்கில் மின்சாரக் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்துக் கொண்டு போயிருக்கிறார்கள். கொக்கு யாருக்கும் கட்டணம் செலுத்துவதில்லை. 'விருந்து' என்ற சொல்லுக்கு நம் பழந்தமிழில் புதுமை என்று பொருள். பிறகு புதிதாக வந்த மனிதரைக் குறித்தது. இன்று இலையில் விழும் பதார்த்தத்தைக் குறிக்கிறது. சொல் மனிதரை விட்டுச் சோற்றுக்குப் போய்விட்டது. போப்ஜிகாவில் பழைய பொருளில் விருந்தாக இருப்பவை அந்தக் கொக்குகள் மாத்திரமே என்று தோன்றியது.

இனித் தொட்டிக்கு வருகிறேன். ஆற்றுக் கற்களை விறகுத் தீயில் பழுக்கக் காய்ச்சி, தொட்டி நீரில் போட்டுக் குளிப்பது அந்த நாட்டுப் பழக்கம். நம் மாசிபத்திரிக்கு உறவான ஒரு தழையையும் நீரில் போடுவார்கள். தொட்டியின் ஒரு கோடியில் துளையிட்ட பலகைத் தடுப்பு உண்டு. கல் அதற்கு அப்பால் விழும், சூடு மாத்திரம் நம்மிடம் வரும். குளிப்பவன் உள்ளே, நெருப்பும் கல் போடுபவனும் வெளியே. சூடு குறைந்தால் குரல் கொடுக்க வேண்டும்.

இரண்டு தரம் குரல் கொடுத்தேன். நீண்ட இடுக்கியில் செங்கல்லாய்ப் பழுத்த கல்லோடு ஓர் இளைஞன் வந்து போட்டான். மூன்றாம் தரம் பேச்சுக் கொடுத்தேன். அவன் ஊர் அடுத்த மலைக்கு அப்பால். அண்ணன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டான். இவனும் போகப் பணம் சேர்க்கிறான்.

"இந்தத் தொட்டியில் நீ குளித்ததுண்டா?" என்றேன்.

"இதில் இல்லை, சார். எங்கள் வீட்டில் வேறு தொட்டி இருக்கிறது. முதலில் பாட்டி குளிப்பாள். அப்புறம் அப்பா. பாட்டிக்கு நான் கல் போடுவேன். எனக்கு என் தங்கை போடுவாள்."

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு வெந்நீரில் ஒரு குளிர் தட்டியது. அவன் வீட்டுத் தொட்டிக்கும் இந்தத் தொட்டிக்கும் நீர் ஒன்று, கல் ஒன்று, தழை ஒன்று. அங்கே முறை சுற்றி வருகிறது. இன்று கல் போடுபவன் நாளை குளிக்கிறான். இங்கே முறை மாறுவதே இல்லை. மாறாமல் நிறுத்தி வைத்திருப்பது நாங்கள் கொடுத்த விலை.

இராச் சாப்பாட்டின்போது நண்பரிடம் சொன்னேன். அவர் மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சமைத்த எமதாட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "காசு கொடுத்தாச்சு ஐயா! அவனுக்குச் சம்பளம், நமக்குக் குளியல். இதில் யாருக்கு என்ன பாக்கி?" என்றார். பாங்கிக்காரர் கணக்கு அது; அதில் தவறில்லை. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் பையனுக்குப் பெர்த் நகரம் ஏது?

ஆயினும் நாங்கள் அனுபவித்த அமைதி அந்த விடுதிக்காரர் உண்டாக்கியதா? கம்பியைப் புதைத்த ஊராருக்கும், காட்டை வெட்டாமல் விட்ட தலைமுறைகளுக்கும், சாலை வெட்டுகையில் மண்சரிவில் மாண்டவர்களுக்கும் பில்லில் எந்த வரியில் பணம் போயிற்று? இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெற்குப் பூட்டானின் நேபாளி பேசும் மக்கள் ஒரு லட்சம் பேருக்குமேல் தங்கள் தேசத்தை இழந்தார்கள். கிழக்கு நேபாளத்து முகாம்களில் மூங்கில் குடிசைகளில் வருஷக்கணக்கில் கிடந்து, 2007-க்குப் பிறகு பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறினார்கள். மகிழ்ச்சியையே தேசத்தின் அளவுகோலாக வைத்த நாட்டில் அதுவும் நடந்தது. அந்தப் பாக்கியை லட்ச ரூபாய் தீர்க்குமா?

விலை, கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையிலுள்ள விவகாரம். கடன், கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் நாம் பட்டிருப்பது. முன்னதைத் தீர்த்ததும் பின்னதும் தீர்ந்ததாக எண்ணிக்கொள்வதுதான் வசதி படைத்தவர்களின் பெரிய சௌகரியம் என்று தோன்றுகிறது.

மறுநாள் நண்பர் தொட்டியில் இருந்தார். நான் நெருப்பருகே போய், "இந்தக் கல்லை நான் போடுகிறேன்" என்று இடுக்கிக்குக் கை நீட்டினேன். பையன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். "வேண்டாம் சார், மானேஜர் பார்த்தால் என்னைத் திட்டுவார்" என்றான். என் மனச்சாந்திக்கு அவன் திட்டு வாங்க வேண்டும்! கையை இழுத்துக்கொண்டேன். அங்கே அந்தக் கடனைத் தீர்க்க வழியில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் விடிகாலை. வழக்கம்போல், "வெந்நீர் ஆச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தேன். முப்பது வருஷமாக அதே குரல். முப்பது வருஷமாக, "ஆச்சு" என்று உள்ளேயிருந்து வரும் அதே பதில். அன்றைக்கு அந்தப் பதிலைக் கேட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எங்கள் வீட்டில் முறை எப்போது சுற்றியது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.