கடன் வசூலிலும் அமானிதம் உண்டு

“கொடுத்த பணத்தைக் கேட்பது பாவமா, ஹஜ்ரத்?”

குன்னூர்ப் பக்கம் மளிகைக் கடை நடத்தி வரும் ஒரு பாய், அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் இப்படிக் கேட்டார். கேட்டவரின் முகத்தில் கோபமும் இருந்தது, கலக்கமும் இருந்தது.

தேயிலைத் தோட்டங்களை அண்டி நடக்கும் கடைகளின் நிலை நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். சிறு விவசாயி ஒரு மாதம் முழுதும் பறித்துக் கொடுத்த பச்சை இலைக்குப் பணம் அடுத்த மாதம்தான் தொழிற்சாலையிலிருந்து வரும். அதுவரை அரிசியும் பருப்பும் பற்றுக் கணக்கில்தான் போகும். இலை விலை இறங்கிவிட்டால் பற்று ஏறும், வரவு நின்றுவிடும். இந்தக் கடைக்காரருக்கும் அப்படிப் பலரிடம் பாக்கி. “மேட்டுப்பாளையத்து மொத்தக் கடைக்காரர் என்னைச் சும்மா விடுவாரா? எனக்கும் குடும்பம் இருக்கிறதே!” என்றார். நியாயமான பேச்சு.

கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் ஆகும் என்று யாரோ சொல்ல, அவர் கீழ்நாட்டிலுள்ள ஒரு வசூல் நிறுவனத்திடம் கணக்கை ஒப்படைத்தார். வசூலாகும் தொகையில் கால் பங்கு அவர்களுக்கு. முதலில் கடிதம் வந்தது. பிறகு போன். அதற்கும் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேர் ஒரு சிறு விவசாயியின் வீட்டு வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்கும்படி சத்தம் போட்டார்கள். வீட்டிலே கலியாணத்துக்கு நிச்சயமான பெண் இருந்தாள். அன்று அந்த மனிதர் ஜும்ஆவுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் பாய் நம்மிடம் வந்தார்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கொடுத்ததைக் கேட்பது பாவமல்ல, அது உரிமை. ஒருவர் தமக்கு வரவேண்டிய கடனை நாயகம் (ஸல்) அவர்களிடமே கடுமையாகக் கேட்டார். தோழர்கள் அவரைத் தண்டிக்க எழுந்தபோது, உரிமையுள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று சொல்லி அவர்களைத் தடுத்து, வாங்கியதைவிட மேலான ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்தார்கள். வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் ஸஹீஹான ஹதீஸ்தான். கடன் வாங்கியவரின் பொறுப்போ இன்னும் பெரிது. ஷஹீதுக்குக் கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்றால், நம் நிலை என்ன?

தம் சார்பில் வசூலிக்க ஒருவரை நியமிப்பதும் ஆகுமானதே. ஃபிக்ஹில் இதற்கு ‘வகாலத்’ என்று பெயர். ஆனால் வகீலின் கை முதலாளியின் கை என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் நாவால் ஒருவரின் மானம் போனால், “நான் சொல்லவில்லையே” என்று அனுப்பியவர் மறுமையில் தப்ப முடியுமா?

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. திருக்குர்ஆன் (2:280) கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது. விட்டுக்கொடுத்து ஸதகாவாக்குவது இன்னும் மேல் என்கிறது. ஹதீஸோ வசதியிருந்தும் இழுப்பவரை அநியாயக்காரர் என்கிறது. ஆக, கேட்பதற்கு முன்னால் கடன்பட்டவர் இந்த இருவரில் யார் என்று விசாரிப்பது கொடுத்தவரின் கடமை. கமிஷனுக்கு வேலை செய்பவருக்கு இந்த விசாரணையால் என்ன லாபம்? யார் பயப்படுவாரோ அவரிடம்தான் அவர் போவார். பயப்படுபவர் ஏழைதான்.

நாம் பாயிடம் கேட்டோம்: “உங்கள் பற்றேட்டில் பெரிய பாக்கி யாருடையது?” அவர் சற்று நேரம் பேசவில்லை. அது மாடி வீடு கட்டிய ஒரு செல்வாக்குள்ளவருடையது. அந்தப் பெயரை அவர் நிறுவனத்துக்குக் கொடுக்கவேயில்லை!

தமிழ்நாட்டில் நம் பாட்டனார் காலத்தில் ஈட்டிக்காரர்கள் வாசலில் குந்தியிருந்து வசூலித்ததைக் கதையாகக் கேட்டிருக்கிறோம். அவர்களிலும் கலிமாச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமையல்ல. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், பச்சைக் குழந்தைகளோடு, கந்துவட்டிக் கொடுமையால் தீக்கு இரையானதை யாரால் மறக்க முடியும்? வங்கிகளின் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடனாளிக்குப் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவிட்டது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. உலகச் சட்டமே இவ்வளவு யோசிக்கும்போது, கடனாளியின் மானத்தை ஹஜ்ஜத்துல் விதாவில் ஹராமாக்கப்பட்ட மானமாகக் கருதும் நாம் யோசிக்க வேண்டாமா?

அப்படியானால் வழி என்ன? மஸ்ஜிதுந் நபவியிலேயே வழி காட்டப்பட்டிருக்கிறது. கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்களும் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களும் கடன் விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடும்படி கஃபுக்குச் சைகை செய்தார்கள். அவர் ஒப்புக்கொண்டதும் மற்றவரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கொடுக்கும்படி சொன்னார்கள். கொடுத்தவருக்குத் தயவு, வாங்கியவருக்குக் கண்டிப்பு. இரண்டும் ஒரே சபையில் நடந்தன.

நம் மஹல்லா ஜமாஅத்தும் இதைச் செய்யலாம். இருவரையும் தனியாக அழைத்து, தவணை பேசி, எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதுவது 2:282-இன் கட்டளை. அதில் உலகப் பலனும் உண்டு. சாதாரணக் கடனுக்கு வழக்குப் போடச் சட்டம் தரும் காலம் பொதுவாக 3 வருடங்கள். அக்கெடு முடியுமுன் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதுக் கெடு தொடங்கும். ஆகவே அவகாசம் கொடுப்பவர் உரிமையை இழக்க வேண்டியதில்லை. ஜமாஅத்தில் முடியாவிட்டால், 1987-ஆம் வருடச் சட்டப்படி நடக்கும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே சமரசம் பேசலாம், கட்டணமில்லை. அதற்கும் மசியாத வசதிக்காரர் மீது வழக்குத் தொடுப்பது குற்றமல்ல.

ஆனால் தாமதத்துக்கு ஈடாக ஒரு பைசா கூடுதலாக வாங்கினாலும் அது வட்டி. ஒரு லட்சம் ரூபாய் பாக்கியை அறுபதாயிரத்துக்கு மூன்றாமவரிடம் விற்றுவிடுவதும் அதே வாசல்தான்.

பாய் அந்த நிறுவனத்திடமிருந்து கணக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விவசாயியின் வீட்டுக்குத் தாமே போய் மன்னிப்புக் கேட்டார். கடன் இன்னும் முழுதும் அடையவில்லை. மாதாமாதம் கொஞ்சம் வருகிறது. மாடி வீட்டுக்காரரிடம் கேட்கத்தான் அவருக்கு இன்னும் துணிவு வரவில்லை. அதற்கும் துஆச் செய்யும்படி நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

கடன் கொடுத்தோருக்கு இரக்கத்தையும், வாங்கியோருக்கு நாணயத்தையும், எளியவரையும் வலியவரையும் ஒரே தராசில் நிறுக்கும் துணிவை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.