பார்க்கவா, கும்பிடவா?

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் இளைஞர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களுமாக நாற்பது பேர் காஞ்சிபுரம் சென்றுவரத் திட்டமிட்டோம். ஞாயிறு திருப்பலியின் இறுதியில் அந்த அறிவிப்பை வாசித்தபின், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரான முதியவர் ஒருவர் ஆலய வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

“சாமி, ஒரு சந்தேகம். நாம அங்க பார்க்கப் போறோமா, கும்பிடப் போறோமா?” என்று கேட்டார்.

“பார்க்கத்தான்” என்று சட்டெனப் பதில் சொன்னேன்.

அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, “நம்ம கோயிலுக்கு ஒருத்தர் சும்மா பார்க்க மட்டும் வந்தா நமக்கு எப்படி இருக்கும், சாமி?” என்றார். விடைக்குக் காத்திராமல் குடையை விரித்துக்கொண்டு தாம்பரம் நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார். பதினைந்து நிமிடம் மறையுரை ஆற்றிய எனக்கு அவருடைய ஒரு வரிக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இதற்கு இரண்டு எளிய விடைகள் உள்ளன. அவை எளியவை என்பதாலேயே நாம் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முதல் விடை, பழம்பெரும் கோயில்களைக் கலைக்கூடங்களாகக் கொள்வது. சிற்பம், கட்டடம், வரலாறு ஆகியவற்றைக் கண்டு திரும்பினால் போதும். சமயத்தைப் பற்றிய பேச்சு வேண்டாம் என்பது. கேட்பதற்கு இது நாகரிகமாகத் தோன்றும். ஆனால் அங்கே விளக்கு எரிகிறது, பூ வாடுகிறது, யாரோ ஒருவர் கண்ணீரோடு நிற்கிறார். அவர் நிற்பதைக் காணாதவன் அந்தக் கோயிலையும் முழுமையாகக் காணவில்லை.

இரண்டாவது விடை, போகவே வேண்டாம் என்பது. நம்முடைய பாட்டனார் காலத்தில் பல பங்குகளில் இதுவே கட்டளையாக இருந்தது. ஆனால் 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘நோஸ்திரா ஏத்தாத்தே’ அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று கற்பித்தது. அவற்றை மதிப்போடு நோக்குமாறும் நம்மைப் பணித்தது. அன்றியும், ‘போகவே வேண்டாம்’ என்று சொல்லி நாம் எங்கே வாழ்வது? தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்ரயிலில் செல்பவர் சன்னல் வழியே பார்க்கட்டும். பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இன்று இஸ்லாமியர் வழிபடும் தர்காவாக விளங்குகிறது. அடுத்துத் திரிசூலத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில். அதற்கப்பால் பரங்கிமலையில் நம் தோமையார் திருத்தலம். அரைமணி நேரப் பயணத்திற்குள் மூன்று வழிபாடுகளின் குன்றுகள் நம் கண்முன் வந்து போகின்றன. பார்க்காமல் இருக்க வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டுதான் பயணம் செய்ய வேண்டும்.

முதியவரின் கேள்வி பார்ப்பதையும் கும்பிடுவதையும் இரண்டாகப் பிரிக்கிறது. நம்முடைய மொழியோ அவற்றை அவ்வளவு எளிதில் பிரிப்பதில்லை. தரிசனம் என்ற சொல்லின் பொருளே காண்பது. கத்தோலிக்கராகிய நாமும் தலைமுறை தலைமுறையாகப் ‘பூசை காணப் போகிறேன்’ என்றே சொல்லி வந்திருக்கிறோம். எழுந்தேற்றத்தின்போது தலைநிமிர்ந்து அப்பத்தை நோக்குவதும், ஆராதனையில் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் காண்பதன்றி வேறென்ன? ஆகவே ‘பார்க்கத்தான்’ என்று நான் சொன்னது சின்னஞ்சிறு சொல்லன்று. எப்படிப் பார்ப்பது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி ஜப்பான் நாட்டின் கியோத்தோ நகரில் ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டின் தலைநகராக இருந்த ஊர் அது. கோயில்களுக்கும் தோட்டங்களுக்கும் பெயர்பெற்றது. கோயில்களுக்குள் செல்லக் கட்டணம் உண்டு. 1985 ஜூலையில் அந்நகராட்சி, பழைய தலைநகரைப் பேணும் செலவுக்கென, கோயிலுக்கு வரும் ஒவ்வொருவர்மீதும் ஒரு சிறு வரியை விதித்தது. பிக்குகள் அதை எதிர்த்தார்கள். ‘இவர்கள் சுற்றுலாப் பயணிகள்’ என்றது நகராட்சி. ‘எங்கள் வாசலுக்குள் வருகிறவர் செய்வது வழிபாடு, வழிபாட்டுக்கு வரி கூடாது’ என்றன கோயில்கள். பொற்கோயில் எனப்படும் கிங்காகுஜி உட்படப் புகழ்பெற்ற பல கோயில்கள் வாசற்கதவுகளை அடைத்துவிட்டன. 1988-இல் அந்த வரி நீக்கப்பட்டது.

கோயிலுக்குள் சென்று காண்பதற்கு ஜப்பானியர் வழங்கும் சொல் ‘ஹைக்கான்’ என்பது. அதில் இரண்டு எழுத்துகள். ஒன்றின் பொருள் வணங்கு. மற்றொன்றின் பொருள் காண். ‘வணங்கிக் காணல்’ என்று நாம் மொழிபெயர்க்கலாம். நகராட்சி இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டது. பிக்குகள் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இருவர் பக்கமும் ஓரளவு நியாயம் இருந்தது. கட்டணம் வாங்கி உள்ளே விட்டபின் வந்தவரெல்லாம் வழிபடுவோர் என்று சொல்வது பிக்குகளுக்குக் கடினந்தான்.

அதே நகரில் சைஹோஜி என்ற மற்றொரு கோயில் வேறு வழியைக் கண்டது. அங்குள்ள தோட்டம் முழுவதும் பச்சைப் பாசி படர்ந்தது. கூட்டம் பெருகிப் பாசி நலிந்தபோது, 1977 முதல் முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். வந்தவரும் நேரே தோட்டத்துக்குள் போய்விட முடியாது. முதலில் மண்டபத்தில் அமர்ந்து, தூரிகையால் திருநூலின் வரிகளைப் பொறுமையாக எழுத வேண்டும், அதன்பிறகே தோட்டம். எழுதுகிறவரிடம் ‘நீர் பௌத்தரா?’ என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றுதான்: அவசரத்தை வாசலில் விட்டுவிட்டு வருகிறீரா?

இவற்றையெல்லாம் படித்து அறிந்தவன் நான். ஆயினும் காஞ்சியில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

காஞ்சிபுரமும் பல சமயங்களின் ஊர்தான். ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இவ்வூரில் பௌத்த மடங்கள் பலவற்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயில் இன்றும் உள்ளது. கியோத்தோவின் ஜென் கோயில்கள் தங்கள் ஆதி குருவாகப் போற்றும் போதிதருமரைக் காஞ்சி அரசகுமாரர் என்று கூறும் மரபும் உண்டு. ஊரின் மேற்கே உள்ள கைலாசநாதர் கோயிலை ஏறத்தாழ 700-ஆம் ஆண்டளவில் எழுப்பியவன் இராசசிம்ம பல்லவன். மணற்கல்லால் ஆன கோயில். சுற்றிலும் ஐம்பத்தெட்டுச் சிறு சன்னதிகள். அவற்றின் சுவர்களில் பழைய ஓவியங்களின் எச்சங்கள். கருவறையைச் சுற்றி மிகக் குறுகிய பாதை ஒன்று உண்டு. தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளிவர வேண்டும். அவ்வாறு வெளிவருவது மீண்டும் பிறவாமைக்கு அடையாளம் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

எங்கள் இளைஞர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒருவர்பின் ஒருவராகச் சிரித்துக்கொண்டே நுழைந்தார்கள். தலை வெளியே தெரியும் நொடியைப் படம் பிடிக்கக் கைபேசியோடு நான் நின்றேன். பத்து நிமிடம் கழிந்த பிறகே, தூணோரத்தில் ஒரு மூதாட்டி பேத்தியின் கையைப் பிடித்தபடி காத்திருப்பதைக் கண்டேன். கையில் சிறு பூப்பொட்டலம். அன்று நான் அங்கி அணிந்திருக்கவில்லை. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. “மன்னிக்கணும் அம்மா, ரொம்ப நேரம் நிக்க வெச்சிட்டோம்” என்றேன்.

“இருக்கட்டும்பா. புள்ளைங்க சந்தோசமா சுத்தி வரட்டும். சாமி எங்க போயிடப்போவுது?” என்றார்.

அவர் கோபித்திருந்தால் ஒரு மன்னிப்போடு அது முடிந்திருக்கும். அவர் கோபிக்காததுதான் என்னைப் பல ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துச் சென்றது.

முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், மாலை ஆராதனை நேரத்தில் ஒரு குடும்பம் ஆலயத்துக்குள் நுழைந்தது. நம் சமயத்தவர் அல்லர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. குழந்தை இருக்கைகளுக்கிடையே ஓடிற்று. தந்தை பீடத்தருகே நின்று படம் எடுத்தார். நான் எழுந்து சென்று, “இது சுற்றுலாத் தலமில்லை, பார்க்க வந்தவங்க வெளியே நில்லுங்க” என்று சற்று உரக்கவே சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் வெளியேறினார்கள். இரவு கோயில்பிள்ளை சொன்னார்: மறுநாள் அக்குழந்தைக்கு அறுவைச் சிகிச்சையாம், மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்ற வந்தவர்களாம். அவர்கள் பெயரும் ஊரும் எனக்குத் தெரியாது. அக்குழந்தை என்ன ஆயிற்று என்பதும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் தாயிடம் சொல்ல வழியில்லை.

கியோத்தோவின் ரியோவான்ஜி கோயிலில் வெண்மணல் பரப்பிய தோட்டத்தில் பதினைந்து கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கே அமர்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்தே இருக்கும் என்பார்கள். அன்று மாலை பீடத்தருகே நின்ற எனக்குப் பதினான்கும் தெரிந்தன: காலணி, ஓசை, படம் எடுத்த கை, கலைந்த அமைதி. அந்தத் தாயின் மனம் மட்டும் தெரியவில்லை. நமது ஆலயத்திலும் பிறரது ஆலயத்திலும் நாம் செய்யும் பிழை ஒன்றே. நாம் நிற்கும் இடத்திலிருந்து எல்லாமே தெரிகிறதென்று எண்ணிவிடுகிறோம்.

புனித அகுஸ்தினார் கண்ணின் ஆசையைக் கடுமையாகச் சாடியவர். மலைகளையும் கடலையும் கண்டு வியக்கிற மனிதர் தம் உள்ளத்தைக் காணாமலே கடந்து போகிறார்களே என்று வருந்தியவர். புனித தோமா அக்குவினாரோ வேடிக்கை பார்க்கும் ஆவலையும் அறியும் நாட்டத்தையும் வேறுபடுத்தினார். முன்னதைக் குறை என்றும், பின்னதை நற்பண்பு என்றும் கொண்டார். இரண்டும் ஒரே கண்ணால்தான் நிகழ்கின்றன. ஒன்று பார்த்ததைத் தனதாக்கிக்கொண்டு நகர்கிறது; மற்றொன்று பார்த்ததன்முன் நின்று கற்றுக்கொள்கிறது.

விவிலியமும் வேடிக்கை பார்க்க வந்தவனைத் துரத்திவிடுவதில்லை. எரிந்தும் தீயாத முட்புதரை என்னவென்று பார்க்கத்தான் மோசே வழிவிலகிச் சென்றார். அவர் பார்க்க வருவதைக் கண்ட பிறகே கடவுள் அவரைப் பெயர்சொல்லி அழைத்தார். பிறகுதான் காலணிகளைக் கழற்றச் சொன்னார். சக்கேயு மரத்தில் ஏறியது இயேசு யாரென்று பார்க்க. கீழே இறங்கியவர் தம் வீட்டில் அவருக்கு விருந்து படைத்தார். ஏதென்சில் பவுலடியார் அந்நகரத்தாரின் வழிபாட்டு இடங்களைச் சுற்றிப் பார்த்தார். சிலைகளின் மிகுதி கண்டு உள்ளம் கொதித்தார் என்பதையும் திருத்தூதர் பணிகள் நூல் மறைக்கவில்லை. ஆயினும் மன்றத்தில் எழுந்து நின்றபோது அவர் ஏளனம் செய்யவில்லை. அவர்களுடைய பக்தியைக் குறிப்பிட்டே பேச்சைத் தொடங்கினார். கவனமாகப் பார்த்திருந்ததனால்தான் அறியாத தெய்வத்துக்கென்று எழுதிய பீடம் அவர் கண்ணில் பட்டது.

இங்கே ஒரு தடையை நேர்மையோடு எழுப்பிக்கொள்ள வேண்டும். மதிப்பு என்ற பெயரில் நம் நம்பிக்கையைக் கரைத்துவிடுகிறோமா? அப்படியில்லை என்றே நினைக்கிறேன். நான் நம்பாத ஒன்றை நம்புவதுபோல் நடித்துக் கைகூப்புவது, உண்மையாகவே கைகூப்பி நிற்கும் அந்த மூதாட்டியைக் கேலி செய்வதற்கு ஒப்பாகும். நடிப்பும் அவமதிப்பு, அலட்சியமும் அவமதிப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. அதுவே விருந்தினன் என்ற நிலை. பழந்தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். பிறர் வீட்டுக்குச் செல்லும் விருந்தினன் அவ்வீட்டாரின் குடும்பப் பெயரைச் சூடிக்கொள்வதில்லை. ஆனால் வாசலில் காலணியைக் கழற்றுகிறான். மெதுவாகப் பேசுகிறான். வீட்டில் நோயாளி இருந்தால் கேளாமலே குரலைத் தாழ்த்துகிறான். அவன் வந்துபோன பின் அந்த வீடு சிறுமைப்படுவதில்லை.

விருந்தினனாக இருக்கத் தெரிந்தவனே விருந்தோம்பவும் தெரிந்தவன். பரங்கிமலைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம், 1547-இல் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை, 1986 பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் வந்துசென்ற மலை என்றெல்லாம் நாம் பெருமை பேசுகிறோம். படியேறி வருகிறவர்களில் பலர் மேலிருந்து மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வருகிறவர்கள். அவர்களும் மோசேயைப் போல வழிவிலகி வந்தவர்களே. விமானம் பார்க்க வந்த ஒரு பிள்ளை திரும்பும்போது ஆலய வாசலில் ஒரு நிமிடம் நிற்கக்கூடும். அந்த நிமிடத்தில் நாம் எந்த முகத்தோடு அங்கே நிற்கிறோம்?

காஞ்சியில் அன்று கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு இளைஞர்களை ஓரமாக அழைத்தேன். மூதாட்டியும் பேத்தியும் தவழ்ந்து நுழைந்து மறுபுறம் வரும்வரை ஒன்றும் பேசாமல் நின்றோம். வெளிவந்த குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது. பாட்டி பொட்டலத்திலிருந்து கொஞ்சம் பூ எடுத்து எங்கள் பெண்பிள்ளைகளிடம் நீட்டினார். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலையசைத்தேன்.

அடுத்த ஞாயிறு, முதியவர் மீண்டும் ஆலய வாசலில் நின்றார். “என்ன சாமி, பார்த்தீங்களா, கும்பிட்டீங்களா?” என்றார்.

“அவங்க கும்பிடுறதைப் பார்த்தோம், ஐயா. கொஞ்சம் ஒதுங்கி நின்னு பார்த்தோம்” என்றேன்.

அவர் தலையசைத்தார். பிறகு, அடுத்த பயணத்துக்குத் தம் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.