யாருக்கும் தெரியாமல்

2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொரோனாப் பரிசோதனைக் கருவி நுழையாத வீடு அபூர்வம். செப்டம்பரில் அரசு 19.90 வெள்ளி என்று உச்ச விலை வைத்த பிறகு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்றாக வாங்கி வந்தார்கள். எச்சிலைக் குழாயில் சேர்த்துக் குலுக்கி, சொட்டுவிட்டு, சி என்ற எழுத்துக்கு எதிரே மட்டும் கோடா, டி-க்கு எதிரேயும் சேர்ந்து இரண்டு கோடா என்று உற்றுப் பார்க்க எழுபது வயதுப் பாட்டிகளும் கற்றுக்கொண்டார்கள். இரண்டு கோடு விழுந்தவர்கள் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மிளகு ரசம் வை, மஞ்சள் பாலைக் குடி, படுத்துத் தூங்கு என்று நாலா பக்கமிருந்தும் உத்தரவுகள் வந்தன. மாலைக்குள் யாராவது வாசல் கேட்டில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டுப் போனார்கள்.

எச்.ஐ.வி. சுயபரிசோதனைக் கருவியிலும் விழுவது அதே சி, அதே டி, அதே இரண்டு கோடுகள்தாம். வாய்வழிக் கருவியானால் இரத்தம்கூடத் தேவையில்லை. பஞ்சு போன்ற தட்டை முனையால் மேல் ஈறை ஒருமுறை, கீழ் ஈறை ஒருமுறை துடைத்து, குச்சியைக் கரைசல் நிரம்பிய சிறு குழாயில் நிறுத்தி, இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். டி-க்கு எதிரே உள்ள கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அதுவும் கோடுதான். கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தை இதில் ஒன்றுமில்லை. கொரோனாக் காலம் நம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது. ஆனால் இந்தக் கோடுகளைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டவர் என்று ஒருவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஒற்றைக் கோடு விழுந்தால்கூட யாரும் போடுவதில்லை. பரிசோதித்துப் பார்த்தோம் என்பதே நம்மிடம் பாதி வாக்குமூலம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ் மண்ணில்தான். 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்றுகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் தூண்டுதலால், பாலியல் தொழிலுக்காகப் பிடிபட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். பிரித்தெடுத்த மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். மலேசியாவில் முதல் நோயாளி பதிவானதும் அதே ஆண்டில்தான். தங்கள் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்று உடம்புக்குரியவரைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று உடம்புக்குரியவரைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளுக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைச் சிறிதாக எண்ணக் கூடாது.

மலாயாப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகமும் இணைந்து, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்காக ஜோம்பிரெப் என்ற செயலியை உருவாக்கின. 2022-இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் 50 பேரிடம் அது முன்னோட்டமாகப் பார்க்கப்பட்டது. சுயபரிசோதனைக் கருவியைச் செயலி வழியாகவே கேட்டு வாங்கலாம், மருத்துவரிடம் கைப்பேசியிலேயே பேசலாம், தொற்று வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரைக்கும் வழி செய்துகொள்ளலாம். மறு ஆண்டில் சுகாதார அமைச்சும் தேர்ந்தெடுத்த சில அரசு கிளினிக்குகளில் அந்த மாத்திரையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் இந்நாட்டில் தொற்றின் பெரும்பகுதி போதை ஊசி வழியே பரவியது. புதிய தொற்றுகள் உச்சத்தைத் தொட்ட 2002-இல் 6,978 பேர் பதிவானார்கள். ஊசி நம் வீட்டு விஷயமல்ல என்று அப்போது சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது பெரும்பாலும் பாலுறவு வழியேதான் பரவுகிறது. அது எந்த வீட்டு விஷயமும் அல்ல என்று சொல்வது கொஞ்சம் கடினம்.

பரிசோதனை கைப்பேசி வழியும் தபால் வழியும் வருவதற்கு முன்னால் வேறு வழியே இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. அரசு கிளினிக்குகளில் பெயர் சொல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளும் ஏற்பாடு அதற்கு முன்பிருந்தே இங்கே உண்டு. உள்ளே போனால் பெயர் கேட்கமாட்டார்கள். ஆனால் கிள்ளானில் ஒருவருடைய பெயரைத் தெரிந்துகொள்ள அவரைக் கேட்க வேண்டியதில்லை. பதிவு முகப்பில் இருப்பவர் அக்காவோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தாதியை மாரியம்மன் கோயில் உபயத்தில் பார்த்த நினைவு. காத்திருக்கும் நாற்காலியில் அம்மாவோடு சீட்டுக் கட்டுகிறவர். “என்ன தம்பி, இந்தப் பக்கம்?” என்று அவர் கேட்பதில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது. “காய்ச்சல் ஆண்டி” என்று சொல்லிவிட்டு, இரத்தம் கொடுக்காமலே திரும்பி வருகிறவரையும் குறைசொல்ல முடியவில்லை.

இப்படி ஒருவரையொருவர் அறிந்துவைத்திருப்பது நகரத்தில் முளைத்த பழக்கமல்ல. தோட்டத்தில் டிரஸர் ஒருவர்தான் மருத்துவம் என்றிருந்த நாளில், யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தபோது நாம் எத்தனையோ விட்டுவிட்டு வந்தோம். லயத்தின் கண்ணையும் காதையும் மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம். அதைச் சபிக்கவும் மனம் வரவில்லை. தொற்றுக் காலத்தில் கேட்டில் சாப்பாடு மாட்டியதும் இந்தக் கண்ணும் காதும்தான். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்ததால்தான் சாப்பாடு வந்தது. பசிக்கு வந்து நிற்கிற நெருக்கமும் மானத்தை வாங்குகிற நெருக்கமும் வேறு வேறல்ல என்பதுதான் நம் சிக்கல். எங்கோ இருக்கிற அந்நியரிடமிருந்து மறைத்துக்கொள்ள, வீட்டுக்கே கருவி வரும் இந்தச் சேவை நமக்குத் தேவைப்படவில்லை. நம் மேல் அக்கறையுள்ளவர்களிடமிருந்து மறைத்துக்கொள்ளத் தேவைப்படுகிறது.

திருமணத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஜொகூர் மாநிலம் 2001-இல் முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது, பின்னர் மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. கட்டாயம் சரியா என்பது வேறு வழக்கு. எனக்கு அதில் தயக்கம் உண்டு. நாம் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கூடம் நிறைந்த பெரியவர்களுக்கு நடுவில் சோதிடர் யோனிப் பொருத்தத்தை உரக்க வாசிக்கிறார், காப்பி பரிமாறப்படுகிறது, யாருக்கும் கூச்சமில்லை. அதே கூடத்தில் பெண்ணின் அண்ணன் இரத்தப் பரிசோதனை என்று வாயெடுத்தால் சம்பந்தம் அன்றோடு முறியும்.

ஆகவே பரிசோதனை வீட்டுக்கு வருகிறது. வீடு என்றால் என்ன என்பதில்தான் அடுத்த தடுமாற்றம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் மனத்தில், பூட்டு உள்ள ஓர் அறையும் தன் பெயருக்கு வரும் தபாலைத் தானே பிரிக்கும் ஓர் ஆளும் இருந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் பார்சல் பொதுச் சொத்து. உறையின் மேல் ஒன்றும் எழுதாமல் எவ்வளவு அடக்கமாக அனுப்பினாலும், கேட்டுக்கு வெளியே நின்று ஹார்ன் அடிப்பவரிடம் அதை வாங்குவது பாட்டி. கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வருவது அண்ணன் மகன். என்ன வாங்கினாய், எவ்வளவு ஆச்சு என்று கேட்பது அம்மா. தப்பி அறைக்குள் கொண்டுபோய்விட்டாலும், இருபது நிமிடம் யாரும் தட்டாத கதவு எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கதவே கிடையாது. துன் சம்பந்தன் சாலையையொட்டிய கடைவீடுகளின் மாடிகளில், இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து உணவகத்திலும் முடிதிருத்தகத்திலும் வேலை பார்க்கிறவர்கள் ஓர் அறையில் பலராகப் படுக்கிறார்கள். கைப்பேசி எல்லோரிடமும் உண்டு. இரவு பன்னிரண்டுக்கு மேல் ஊரோடு பேசுகிற வெளிச்சம் வரிசையாகத் தெரியும். ஆனால் பரிசோதனை என்பது அவர்களுக்கு வேறு பொருள் தருவது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான போமேமா மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி.யும் அடக்கம். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் ‘தகுதியற்றவர்’ என்று முடிவெழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நமக்குச் சிகிச்சையின் வாசலாக இருப்பது அவர்களுக்கு விமானச் சீட்டு. வாங்கிவிட்டு வந்த கடன் அடைபடாத ஒருவரிடம், உங்கள் எண்ணைப் பதிவுசெய்யுங்கள், ரகசியம் காக்கப்படும் என்று ஒரு செயலி கேட்டால் அவர் நம்புவார் என்று நாம் எதைக் கொண்டு எதிர்பார்க்கிறோம்?

அவர் நம்பாததற்கு நியாயமும் இருக்கிறது. பக்கத்துச் சிங்கப்பூரில் எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் வெளியே கசிந்ததை 2019 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சே அறிவித்தது. அதில் 8,800 பேர் வெளிநாட்டவர். நம் நாட்டில் 2017-இல் வெளியே வந்தது 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம், மக்கள்தொகையைவிட அதிகம். தனிநபர் தரவைக் காக்க 2010-இல் இயற்றிய சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. தொலைமருத்துவத்துக்கென்று 1997-இலேயே ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்புவதே புதுமையாக இருந்த நாளில் அவ்வளவு முன்யோசனை. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மட்டும் நேரம் வாய்க்கவில்லை. இவற்றுக்கு மேல், பிரெப் மாத்திரையை இலவசமாகத் தரும் அதே அரசின் தண்டனைச் சட்டத்தில் 377பி பிரிவு இருக்கிறது. ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு அதில் 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும். செயலியில் தன்னைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொன்னால் மருத்துவருக்கு உதவும். அந்தப் பதில் வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் ஒருவர் யோசிக்கத்தான் செய்வார்.

இத்தனைக்கும் பிறகும் தொலைவழிப் பரிசோதனை வேண்டும் என்றே நினைக்கிறேன். லண்டனில் லாம்பெத், சதர்க் வட்டாரங்களின் இளைஞர்கள் 2,072 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பாலுறவுத் தொற்றுகளுக்கான கருவியை இணையம் வழியாகப் பெறும் வசதி தரப்பட்டவர்களில் 50 விழுக்காட்டினர் ஆறு வாரத்துக்குள் பரிசோதனை செய்துகொண்டார்கள். கிளினிக்கின் முகவரி மட்டும் தரப்பட்டவர்களில் 26.6 விழுக்காடு. ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் சிகிச்சைவரை போனவர்களைக் கணக்கெடுத்தபோது, உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்கும் சரிசெய்துகொள்வதற்கும் இடையில் ஒரு தொலைவு இருக்கிறது. அதைத் தபால்காரர் கடந்து தரமாட்டார். மேகநோய்க்குப் பென்சிலின் ஊசியை யாராவது ஒரு தாதி இடுப்பில் போட்டாக வேண்டும். எச்.ஐ.வி. கருவியில் விழும் இரண்டாவது கோடு முடிவான முடிவல்ல, ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஒற்றைக் கோடும் கடைசி மூன்று மாதத்தைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்லாது. நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்ப்பவருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? துண்டுச்சீட்டில் அச்சடித்திருக்கிறது, உண்மைதான். தம்பி, இது இப்போது மாத்திரையோடு முழு ஆயுள் வாழ்கிற நோய், பயப்படாதே என்று ஒரு மனிதக் குரல் சொல்வதற்கும் துண்டுச்சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த நேரத்தில்தான் தெரியும். அந்தக் குரலைத் தரக்கூடிய ஆட்களிடமிருந்து தப்பிக்கத்தான் அவர் கருவியைத் தபாலில் வரவழைத்தார்.

முதல்நிலை மருந்துகள் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசம். கிள்ளான்காரர்கள் சிலர் பக்கத்து மருத்துவமனையை விட்டுவிட்டு, தெரிந்த முகம் குறைவாக இருக்கும் என்று சுங்கை பூலோவரை போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் அரைநாள் விடுப்பு எடுக்கிறார். வீட்டில் கார் சர்வீஸ் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அரசு மருந்தகங்கள் மருந்தைத் தபாலில் அனுப்பிவைக்கும் சேவையும் நடத்துகின்றன. முகப்பில் இருந்தவர் அதை அவரிடம் விளக்கி, முகவரி மட்டும் கொடுங்கள் அண்ணே என்று நல்ல மனத்தோடு படிவத்தை நீட்டியபோது, பரவாயில்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அவர் வீட்டில் பார்சலைப் பிரிப்பது அம்மா.