பொய்யான பாம்பு, மெய்யான நடுக்கம்

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக், பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடங்களும் ஏவுகணை, சிறப்பு உலோகத் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி. டாக்டர் அப்துல் கலாம் 1982-இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஆய்வுக்கூடம் இங்குதான் உள்ளது. பணியின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம்.

குடும்பத் தலைவர் நாற்பது வயதைக் கடந்தவர். எதையும் அளந்து, சோதித்த பின்னரே ஏற்பவர். ஓர் இரவு, படுத்து ஒரு மணி நேரம் ஆனதும் அலறியபடி எழுந்து உட்காருகிறார். கண்கள் திறந்திருக்கின்றன; ஆயினும் மனைவியை அடையாளம் தெரியவில்லை. உடல் வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. "ஒன்றுமில்லை, எல்லாம் கனவு" என்று அவள் அவரது தோளைப் பற்றி உலுக்குகிறாள். அவர் அவளையே தள்ளிவிடுகிறார். சில நிமிடங்களில் மீண்டும் ஆழ்ந்த உறக்கம். காலையில் அவருக்கு எதுவும் நினைவில்லை. அவளுக்கோ எல்லாம் நினைவிருக்கிறது.

'ஒன்றுமில்லை' என்று அவள் சொன்னது உண்மைதானா?

வேதாந்தம் பயின்ற சிலர் உடனே 'ஆம்' என்பார்கள். கயிற்றில் தோன்றிய பாம்பு ஒருபோதும் இருந்ததில்லை அல்லவா! ஆனால் சங்கரர் அவ்வளவு அவசரப்படவில்லை. பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் ஆரம்பண அதிகரணத்தில் அவர் இதனை ஆராய்கிறார். கனவில் பாம்பு கடித்தது பொய்தான்; ஆனால் அதை உணர்ந்த அறிவு, விழித்த பின்னரும் மறுக்கப்படுவதில்லை என்பது அவர் முடிவு. பாம்பு நீங்கிவிடும்; பாம்பைக் கண்டு நடுங்கியது நடுங்கியதுதான். பொருள் பொய் என்பதால் அச்சத்தையும் பொய்யென்று ஒதுக்குவது வேதாந்தமன்று, வேதாந்தத்தின் பெயரால் செய்யப்படும் அலட்சியம். மேலும், 'இது கனவு' என்பது விழித்திருப்பவரின் அறிவு. உறங்குபவரின் காதில் உரக்கச் சொல்வதால் மட்டும் அது அவருடைய அறிவாகிவிடாது.

கனவில் தான் கொல்லப்படுவதாகவும், யானை தன்னைத் துரத்துவதாகவும், பள்ளத்தில் வீழ்வதாகவும் மனிதன் காண்பதை பிருகதாரண்யக உபநிஷதம் விவரிக்கிறது. அதற்குச் சற்று முன்னரே, உறங்குபவனைத் திடீரென்று எழுப்பலாகாது என்ற மக்கள் வழக்கையும் அது குறிப்பிடுகிறது. உயிர் உரிய இடத்திற்குச் சரியாகத் திரும்பாவிட்டால் குணப்படுத்துவது அரிது என்பது அங்குள்ள காரணம். இன்றைய மருத்துவர் கூறும் காரணம் வேறு. அறிவுரை ஏறக்குறைய ஒன்றே.

இரவின் முற்பகுதியில், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை பாதியளவே விழிப்பதால் இந்த அலறல் நேர்கிறது. வலிந்து எழுப்பினால் குழப்பம் மிகும். அருகிலிருப்பவர் அடிபடவும் கூடும். இறுகப் பிடிக்காமல், தாழ்ந்த குரலில் பேசி, மெல்லப் படுக்கைக்கு வழிகாட்டினால் போதும். கூரிய பொருள்களை அகற்றுவது, மாடிக் கதவைத் தாழிடுவது முதலியவற்றைப் படுக்கும் முன்னரே செய்துவிட வேண்டும். உறக்கக் குறைவு, மன அழுத்தம், சில மருந்துகள், உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடை ஆகியவை இதனைத் தூண்டக்கூடும்.

இரவில் வரும் அச்சங்கள் எல்லாம் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 'அமுக்குவான் பேய்' என்று அஞ்சப்படுவது, மனம் விழித்தும் கனவுறக்கத்திற்குரிய தசை முடக்கம் விலகாத நிலை. அங்கே ஒரு மெல்லிய தொடுதலே உதவியாகலாம். ஐம்பது வயதைக் கடந்தவர் கனவுக்கேற்பக் கைகால்களை வீசி அடித்தால் அது வேறொன்று. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் முதலியோர் 1986-இல் விவரித்த அக்கோளாறு, பார்க்கின்சன் நோய்க்குப் பல்லாண்டுகள் முன்னரே தோன்றும் அறிகுறியாகவும் இருக்கலாம். மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு மருத்துவரை மறந்துவிடுவது இங்கே பேரிழப்பாக முடியும்.

உண்மையில் நடந்த கொடுமையே கனவாகத் திரும்பத் திரும்ப வருபவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களிடம் 'வெறும் கனவு' என்று சொல்லவே வழியில்லை. யாழ்ப்பாணத்தில் போரினால் மனம் சிதைந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அவ்வனுபவங்களை 1998-இல் நூலாக்கினார். அவரவர் சமய மரபிலுள்ள ஜபத்தையும், சாந்தி ஆசனம் போன்ற பயிற்சிகளையும் அவர் சிகிச்சையோடு இணைத்துக்கொண்டார். ஜபம் அங்கே மருத்துவத்திற்குத் துணையாக வந்தது, மாற்றாக அன்று. பக்தர்கள் பலர் கவனிக்கத் தவறும் வேறுபாடு இது.

காஞ்சன்பாக் இல்லத்தில் பொழுது விடிகிறது. "நேற்று இரவும் அலறினேனா?" என்று கணவர் கேட்கிறார். அவர் மனம் நோகக் கூடாதென்று 'இல்லை' எனச் சொல்லத் தோன்றும். ஆனால் தம்மைத் தாமே காண இயலாத அந்தச் சில நிமிடங்களுக்கு அவளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சாட்சி மௌனமானால் மருத்துவரிடம் சொல்ல அவரிடம் எதுவும் இராது. ஆகவே சொல்லத்தான் வேண்டும். குழந்தைகளின் முன்னிலையில் அன்று, உறவினர் கூடியிருக்கையில் வேடிக்கையாகவும் அன்று. தனிமையில், அமைதியாக, தன்னை அவர் தள்ளியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு நேர்ந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று அவர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். அந்த நோட்டு மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.

சில இரவுகளில், கதவைத் திறந்து வைத்துவிட்டு அவள் அடுத்த அறையில் படுக்க நேரலாம். கணவரைக் கைவிட்டாள் என்று அதனைப் பழிக்க யாருக்கும் உரிமையில்லை. அவளும் உறங்க வேண்டியவளே.