குழந்தையின் வலிப்பும் வினைக் கணக்கும்

வலிப்பு நோய் வினையின் பயனா, உடலியக்கத்தில் நேரும் பிறழ்வா என்ற வினா, நோயுற்றது கைக்குழந்தையாக இருக்கும்போதுதான் முழுக் கூர்மை பெறுகிறது. ஏனெனில் நல்லதோ தீயதோ செய்யும் வயதே வராத உயிரை அத்துன்பம் பற்றுகிறது. கன்மக் கொள்கை முற்பிறவியைக் காட்டி இதற்கு விடையளிக்கிறது. அவ்விடையில் தருக்கப் பிழை காண்பது கடினம் என்றாலும், எந்தத் துன்பத்துக்கும் பொருந்தும் விளக்கம் இந்தக் குழந்தையின் இந்தத் துன்பத்தைப் பற்றித் தனியாக எதையும் சொல்வதில்லை என்பதே அதன் குறை.

கொல்லி மழவன் என்னும் தலைவன், முயலகன் எனப்பட்ட வலிப்பு நோயால் உணர்விழந்த தன் மகளைத் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தியதையும், திருஞானசம்பந்தர் அங்கு வந்து பதிகம் பாட அவள் நோய் நீங்கி எழுந்ததையும் பெரியபுராணம் கூறுகிறது. அப்பதிகம் பெண்ணின் பழவினையைத் துருவி ஆராயவில்லை; அவளை இவ்வாறு வருத்துவது தகுமா என்று இறைவனையே திரும்பத் திரும்பக் கேட்கிறது. பிற்காலச் சாத்திரங்கள் வகுத்த விடையைவிட இந்தக் கேள்வி நேர்மையானது என்றே சொல்லத் தோன்றுகிறது.

வளரும் மூளையை ஆராய்ந்தவர்கள் இவ்வினாவை வேறு திசையிலிருந்து அணுகியுள்ளனர். முதிர்ந்த மூளையில் நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் முதன்மை வேதிப்பொருள் காபா ஆகும். பிரெஞ்சு நரம்பியலாளர் யெஹெஸ்கெல் பென்-ஆரியும் உடன் பணியாற்றியோரும் 1989-இல் எலிக்குட்டிகளின் மூளைத் துண்டங்களை ஆராய்ந்து, பிறந்த தொடக்க நாட்களில் அதே காபா நரம்பணுக்களைத் தணிப்பதற்கு மாறாகத் தூண்டுகிறது என்று காட்டினர். இளம் நரம்பணுவுக்குள் குளோரைடு என்னும் மின்னூட்டத் துகள் மிகுந்திருப்பதால், காபா திறந்துவிடும் வழியாக அது உள்ளே நுழையாமல் வெளியேறுகிறது. அதனால் அணு அடங்குவதற்குப் பதில் கிளர்கிறது. குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 என்ற புரதம் போதிய அளவு உருவான பின்னரே காபா அடக்கும் பொருளாக மாறுகிறது என்பதை 1999-இல் ஹெல்சிங்கி ஆய்வுக்குழு நிறுவியது. இளமையின் இந்தக் கிளர்ச்சி வீணானதன்று; நரம்பணுக்கள் வளரவும் தம்முள் இணைப்பு அமைக்கவும் அது உதவுகிறது. ஆயினும் அதே நிலைதான் மூளையை வலிப்புக்கு எளிதில் ஆட்படுத்துகிறது. காபாவின் வழியே செயல்படும் பீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்து பச்சிளங்குழந்தைகளிடம் பலமுறை பயனளிக்காமற்போவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுகின்றனர். காரணம் தெரிந்த அளவுக்கு மருந்து கைகூடவில்லை: குளோரைடு நுழைவைத் தடுக்கும் புமெட்டனைடைக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பியச் சோதனை, கேள்திறன் இழப்பு குறித்த அச்சத்தாலும் பயன் போதிய அளவு தென்படாததாலும் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளெமென்ட், அமெரிக்காவில் கேவின் ரம்பாவின் ஆய்வகத்தில் இருந்தபோது 2012-இல் வெளியிட்ட ஆய்வு, காலத்தின் பங்கை இன்னும் தெளிவாக்குகிறது. நரம்பிணைப்புகள் வலுப்பெறும் வேகத்துக்குக் கடிவாளமான சின்கேப் புரதத்தின் மரபணுப் படிகள் இரண்டில் ஒன்று பழுதுற்ற சுண்டெலிகளில், இணைப்புகள் உரிய பருவத்துக்கு முன்பே முதிர்ந்து கிளர்ச்சி மிகுந்தது. அப்பழுதை வளர்ந்த பின் உண்டாக்கியபோது பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது, வளர்ந்த பின் சரிசெய்தபோது நடத்தையில் முன்னேற்றமும் ஏற்படவில்லை. மனிதரில் இப்பழுது வலிப்புக்கும் அறிவு வளர்ச்சிக் குறைவுக்கும் காரணமாகிறது. பெரும்பாலும் அது பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது.

உயிரைப் பிணைத்திருக்கும் மலம் பக்குவப்படும் காலம் வந்தாலன்றி அருள் பதியாது என்று கூறும் சைவ சித்தாந்தம், மூன்று வயதில் ஞானம் பெற்றவராகச் சம்பந்தரைப் போற்றும் மரபைச் சார்ந்தது. முதிர்ச்சி தாமதமாவதைக் குறையாகக் கண்ட அதற்கு, முந்திய முதிர்ச்சியே நோயாகக்கூடும் என்று எண்ணிப்பார்க்க இடமே ஏற்படவில்லை. குற்றத்தைக் குழந்தையிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் அறிவியல் விலக்கிவிடுகிறது. ஆனால் இந்தக் குழந்தைக்கு ஏன் என்று கேட்டால், தற்செயல் என்பதற்கு மேல் அதனாலும் சொல்ல முடிவதில்லை. முறையிட்டுக் கேட்க ஒருவர் உண்டு என்ற நம்பிக்கையை அது தருவதுமில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே நாடுவதில் முரண் இல்லை: புணேயின் வானவடியில், மராத்தியத் தலைவர் மகாத்ஜி சிந்தே எழுப்பிய சிவன் கோயில் உள்ள சிந்தே சத்திரி என்னும் நினைவிடமும், 1948-இல் தோன்றிய ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும் ஒரே பகுதியில் அமைந்திருப்பதால், ஒரு படைவீரர் குடும்பம் வேண்டுதலையும் மருந்தையும் ஒரே நாளில் நாடலாம்; இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்று அக்குடும்பத்தை வற்புறுத்தும் காரணம் ஏதுமில்லை.

கைவிட வேண்டியது வேறொன்று. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பைப் பித்துடன் ஒரே வரியில் வைத்துத் திருமணத்துக்குத் தகுதியின்மையாக்கியது. 1999-இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. ஆயினும் பெண்ணின் வலிப்பை மறைத்து வரன் பார்ப்பதும், தெரியவந்தபின் குலத்தின் பாவம் என்று பழிப்பதும் அந்த நீக்கத்தோடு நின்றுவிடவில்லை.