கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

தூரத்துப் பகையோடு காலம் தள்ளிவிடலாம். வேலை செய்யும் இடத்தில் ஆகாதவர் ஒருவர் இருந்தால், சாயங்காலத்துக்கு மேல் அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. பாகப் பிரிவினையில் முறைத்துக்கொண்ட பங்காளியை வருஷத்துக்கு ஒரு சாவு, ஒரு கல்யாணத்தில் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டுச் சண்டைக்கு அந்த வசதி கிடையாது. அவர் இருமுவது நமக்குக் கேட்கும். அவர்கள் வீட்டில் மீன் குழம்பு கொதிப்பது தெரியும். நாம் வாசல் தெளிக்க வரும் நேரத்துக்கே அவர்களும் வாளியோடு வருவார்கள். எந்தச் சண்டையிலும் களைத்துப்போனவன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். இதில் வீடே சண்டை நடக்கும் இடம்.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான் அகலம். பாதிக்கு மேல் எங்களுடையது என்று எங்கள் பத்திரம் சொல்கிறது. சரிபாதி என்று அவர்கள் பத்திரம் சொல்கிறது. அப்பாக்கள் காலத்தில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. நான் வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பட்டறை வைத்துப் பீங்கான் பொம்மை வார்க்கிறேன். அச்சுகளைக் காய வைப்பது அந்தச் சந்தில்தான்.

இந்த ஊர்ப் பொம்மை எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் என் கோபம் புரியும். இரண்டு பாதியாகச் செய்த பிளாஸ்டர் அச்சை ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டி, களிமண் கூழை வாய் வழியாக ஊற்றுவோம். அச்சு தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் தோல்போலப் படியும். தேவையான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து வடித்துவிட்டு, கொஞ்சம் இறுகவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே வெறுங்கூடாகப் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். எல்லாம் அச்சின் உறிஞ்சும் சக்தியில் இருக்கிறது. ஈரம் ஏறிய அச்சு உறிஞ்சாது. மண் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது காது கிழியும். அதனால் வார்த்த அச்சுகளை மறுபடி வெயிலில் காய வைத்தே தீர வேண்டும். கொலுவுக்கு முந்தைய ஆடி, ஆவணி மாதங்களில்தான் எங்களுக்கு வேலை அதிகம். இந்தப் பக்கம் சாயங்காலத்தில் இடிமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான்.

பக்கத்து வீட்டு அண்ணன் மாடியில் தகர ஷீட் போட்டார். சாய்வு எங்கள் பக்கம். மழை பெய்தால் தண்ணீர் முழுக்கச் சந்தில், என் அச்சுகளின் மேல். முதலில் நல்லபடியாகத்தான் சொன்னேன். "மழ பெஞ்சா தண்ணி கீழதான் வுழும் தம்பி, மேலயா போவும்?" என்றார். அதை அவர் சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். அன்று நனைந்து போன அச்சுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

அதன் பிறகு பேச்சு நின்றது. பேச்சு நின்ற இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்து வீட்டோடு மல்லுக்கு நின்ற எல்லோரும் அறிவார்கள்: பொருள்கள் பேச ஆரம்பிக்கும். அவர் பைக் எங்கள் கேட்டை ஒட்டி நின்றால் அது ஒரு பதில். எங்கள் வீட்டுக் குப்பைக்கூடை அரையடி நகர்ந்தால் அது ஒரு கேள்வி. ராத்திரி பத்து மணிக்கு அவர்கள் டிவியின் சத்தம் ஏறினால், யாருக்கோ காது மந்தம் என்று தோன்றாது, நமக்காகவே ஏற்றினார்கள் என்று தோன்றும். கடைசியில் ஒரு கேமரா வந்தது. எங்கள் வாசலைப் பார்த்தபடி. குழந்தைகள் ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்கள். எனக்கு இதில்தான் மனசு வலித்தது. ஷீட்டுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

தெரு ஒன்றும் சும்மா இருக்கவில்லை. நமக்காகப் பரிந்து பேச வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் முன்னால் ஒரு தடவை "விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டால், அப்புறம் விடுவதற்கு நமக்கே கூச்சமாகிவிடுகிறது. அவருக்கும் அவர் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர்ப் பிரச்சினை இரண்டு வீட்டு மானப் பிரச்சினையாக மாறியது இப்படித்தான். மழைத் தண்ணீருக்குத் தீர்வு ஒரு குழாய். மானத்துக்கு எந்தக் கடையில் குழாய் வாங்குவது?

காவல் நிலையத்துக்கும் போனோம். இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, இது சிவில் விவகாரம், எல்லையை நாங்கள் தீர்மானிக்க முடியாது என்றார்கள். அது சரியான பதில். வக்கீல் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவர் இருபது வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு ஒரு வசதியை அனுபவித்துவிட்டால் அது அவருக்குச் சட்டப்படி உரிமையாகிவிடலாம்; கூரைத் தண்ணீர் விழுவதும் அதில் அடங்கும். ஆகவே சும்மா இருக்காதீர்கள், ஆட்சேபத்தை எழுத்தில் வையுங்கள் என்றார். பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டால் பிள்ளைகள் காலத்தில் அதுவே சம்மதம் ஆகிவிடும். வழக்குப் போட்டால் முன்சீப் கோர்ட்டில் உறுத்துக் கட்டளை கேட்கலாம், ஆணையராக ஒரு வக்கீல் டேப்போடு வந்து சந்தை அளப்பார், அவர் அறிக்கைக்கு இவர் ஆட்சேபம், அப்புறம் அப்பீல். சொல்லிக்கொண்டே போனார். நான் மனசுக்குள் என் வயதைக் கூட்டிப் பார்த்தேன்.

சும்மாவும் இருக்க முடியாது, கோர்ட்டுக்கும் போக மனசில்லை. சண்டையில் மாட்டிக்கொண்ட பாதிப் பேர் நிற்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மேலே போக வழி வழியாய் இருக்கிறது: ஒரு வார்த்தை, ஒரு கூச்சல், ஒரு புகார், ஒரு நோட்டீஸ், ஒரு வழக்கு. கீழே இறங்குவதற்குத்தான் மரியாதையான வழி ஒன்றும் தென்படுவதில்லை.

"மணவாளநல்லூர் போயி பிராது கட்டிட்டு வா" என்றாள் அம்மா.

ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். மூலவருக்கு முகம், கை, கால் கிடையாது. பலிபீட வடிவில் இருக்கும் சுயம்பு. முருகன் என்று கும்பிடுகிறோம். பொருளைக் களவு கொடுத்தவர்கள், கடன் கொடுத்து ஏமாந்தவர்கள், பங்காளியோடு முட்டிக்கொண்டவர்கள் எல்லாம் இங்கே சாமிக்கு மனு எழுதுவார்கள். அதுதான் பிராது. வெள்ளைத் தாளில், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு என்று விலாசமிட்டு, குறையை எழுத வேண்டும். அதைச் சன்னதியில் வைத்துப் பூஜை செய்து, பொட்டலமாகக் கட்டி, முனியப்பர் சன்னதியில் இருக்கும் வேலில் கட்டிவிடுவார்கள். நம் ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டரோ அந்தக் கணக்குக்குப் படிப்பணம். மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாதத்தில் தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் மறுபடி வந்து, ராஜினாமா எழுதி, பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. மனசில் இருந்தது ஒரு பெரிய பட்டியல்: பைக், டிவி, கேமரா, அவர் மனைவி என் மனைவியைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல், பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு மொய் விவகாரம். அத்தனையையும் ஒரு சாமியிடம் எழுத முடியுமா? எனக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தாள் கேட்டது. அவர் அவமானப்பட வேண்டுமா? அவர் வீட்டுக்கு ஏதாவது ஆக வேண்டுமா? அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பிராதை ஏவலாக நினைக்கிறவர்கள். அது எனக்கு ஒப்பவில்லை. எதிராளி நாசமாகட்டும் என்று எழுதிவிட்டு வந்தால், அவர் வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அதை நாம் வெற்றியாக எண்ண ஆரம்பித்துவிடுவோம். சண்டை மனிதனைக் கெடுப்பதில் அதைவிட ஆழமான இடம் இல்லை. கடைசியில், சந்தில் ஷீட்டுத் தண்ணீர் விழுந்து அச்சு கெடுகிறது, அது நிற்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். அவர் பெயரை எழுதவில்லை.

சாமி தீர்த்து வைக்கும் என்று நம்புகிறவன்தான் நான். அந்த நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த ஏற்பாட்டைக் கவனிக்கலாம். குறையை ஒன்றாகக் குறுக்குகிறது. ஒரு தவணை வைக்கிறது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறது. எல்லாவற்றையும்விட, வாபஸ் வாங்குவதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறது. திரும்பப் பெறுகிறவன் தோற்றவன் ஆவதில்லை. வேண்டுதல் நிறைவேறியவன் ஆகிறான்.

மரியாதையாக இறங்க ஒரு வழி வேண்டும் என்பதை அரசுகளும் உணர்ந்திருக்கின்றன. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு சமாதானமாக முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்தத் தீர்வுக்கு மேல் அப்பீலும் இல்லை. வழக்குப் போடுவதற்கு முன்பேகூட அங்கே போகலாம். 2023இல் வந்த மத்தியஸ்தச் சட்டம், ஒரு பகுதியில் குடியிருப்பவர்களின் அமைதி கெடும்படியான தகராறுகளை மூன்று மத்தியஸ்தர்கள் கொண்ட குழுவிடம் விடலாம் என்கிறது. இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் வந்தன. சம்பளமில்லாத உள்ளூர்க்காரர்கள் விடுமுறை நாளில் பள்ளிக்கூடம் போன்ற இடத்தில் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். சிறு தகராறுகள் பலவும் அங்கே போன பிறகுதான் நீதிமன்றம் ஏற முடியும். கதியால் வேலி ஓரங்குலம் நகர்ந்ததற்கு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த யாழ்ப்பாணத்தாருக்கு அதன் அருமை தெரிந்திருக்கும். நம் பக்கம் வட்டச் சட்டப் பணிகள் குழு கோர்ட்டு வளாகத்திலேயே இருந்தும், தெருச் சண்டையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் தெருவிலும் சொல்லவில்லை.

பிராது கட்டிய செய்தி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் அவரே சந்து முனையில் வந்து நின்றார். மாதக்கணக்கில் பேசாத மனிதர். முகம் வெளிறியிருந்தது.

"என் மேலயா தம்பி சாமிகிட்ட எழுதுன? எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"உங்க பேரே அதுல இல்லண்ணே. தண்ணி வுழறதுதான் எழுதியிருக்கு."

அவர் நம்பவில்லை. என்ன எழுதினேன் என்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். "வேற ஒண்ணும் எழுதலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேறு எதை எழுதியிருப்பேன் என்று அவர் பயந்தாரோ, அந்தப் பட்டியல் அவரிடமும் இருந்திருக்கிறது. என்னுடையதைப் போலவே நீளமாக. நான் உள்ளே போய்க் காது கிழிந்த பிள்ளையார் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். அவரும் ஒரு காலத்தில் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்தான். விரலால் கிழிசலைத் தடவிப் பார்த்தார். "அச்சு ஈரமா இருந்திருக்கு" என்றார். இத்தனை நாளும் நான் சொல்ல நினைத்ததை அவரே சொன்னார்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஷீட்டை எடுக்க மாட்டேன் என்றார். நானும் எடுக்கச் சொல்லவில்லை. ஓரத்தில் பாதிக் குழாய் பதித்துத் தண்ணீரைத் தெருப்பக்கம் இறக்கலாம் என்றார் இரண்டு வீட்டுக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர். செலவில் பாதி நான் தருகிறேன் என்றதற்கு அண்ணன் முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு வாங்கிக்கொண்டார். அவருடைய பையன் ஏணி போட்டு ஏறிப் பொருத்தினான், நான் கீழே பிடித்துக்கொண்டேன். பலத்த மழையில் இப்போதும் ஒரு முனையில் கொஞ்சம் வழிகிறது. அந்த இடத்தில் நான் அச்சு வைப்பதில்லை.

கேமராவைப் பற்றி இன்னும் பேசவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கிறேன் என்று போனால், தீர்ந்ததும் கெட்டுவிடும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அது தனியாக, இன்னொரு நாள். பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் அதற்கும் முன்பே.

சந்தின் அளவு பாக்கி இருக்கிறது. தை பிறந்ததும் சர்வேயருக்கு இரண்டு பேரும் சேர்ந்தே மனுக் கொடுத்துப் பணம் கட்டுவது, புல வரைபடத்தை வைத்து அளந்து கல் நடுவது என்று பேச்சு. அதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன்: அளவு யார் பக்கம் கூடினாலும் குறைந்தாலும், குழாய் இருக்கும் இடத்திலேயே இருக்கும், அச்சு காயும் இடத்திலேயே காயும். அவர் பையனிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று அந்தத் தாளை வாங்கிப் போயிருக்கிறார்.