மங்கலான நட்சத்திரம் தரும் படிப்பினை



அல்வாகிஆ சூராவில் அல்லாஹு தஆலா நட்சத்திரங்கள் நிலைகொள்ளும் இடங்களின் மீது சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியம் எத்துணை மகத்தானது என்பதையும் உணர்த்துகிறான். அவ்விடங்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன? மனிதன் முதன்முதலில் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்து வெளியிட்டது 1838-இல்தான். அது எந்த நட்சத்திரம் தெரியுமா?

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இஷாத் தொழுதுவிட்டு வடக்கு வானத்தைப் பாருங்கள். பளிச்சென்று ஒன்று மின்னும். அதன் பெயர் தெனப். 'தனபுத் தஜாஜா', அதாவது கோழியின் வால் என்ற அரபுப் பெயரே அவ்வாறு மருவிற்று. அளக்கப்பட்டது அதுவல்ல. அதற்குச் சற்றுத் தள்ளி, ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் '61 சிக்னி' என்ற மங்கிய புள்ளியே அது. தொலைநோக்கியில் அது இரண்டாகப் பிரியும். இரண்டுமே ஆரஞ்சு நிறம். சூரியனைவிடச் சிறியவை, வெப்பமும் குறைந்தவை. ஆகவேதான் அந்த நிறம்.

பிரகாசமானவையே அருகில் இருக்கும் என்று அறிஞர்கள் வெகுகாலம் எண்ணியிருந்தனர். ஆனால் இம்மங்கல் நட்சத்திரம் மற்றவற்றைவிட வேகமாக இடம்பெயர்வதை இத்தாலியின் பியாஸி கண்டறிந்தார். ரயிலில் போகும்போது அருகிலுள்ள மரங்கள் ஓடுகின்றன; தூரத்து மலை அசைவதில்லை அல்லவா? ஆகவே இது அருகில்தான் இருக்கவேண்டும் என்று கருதினார் ஜெர்மானிய அறிஞர் பெஸல். பூமி சூரியனைச் சுற்றும்போது அது எவ்வளவு விலகித் தோன்றுகிறது என்று ஓராண்டுக்கு மேல் அளந்தார். ஆறு மாதத்தில் அது விலகும் அளவு, ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே! அதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டார். இன்றைய கணக்கில் அது 11.4 ஒளியாண்டு. பளிச்சென்று மின்னும் தெனபோ ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால்!

சகோதரர்களே! நாமும் மனிதர்களை மினுமினுப்பைக் கொண்டுதானே அளக்கிறோம்? விருந்துக்குச் செல்வந்தர் வந்தால் எழுந்து நிற்கிறோம். பள்ளிவாசலின் கடைசி வரிசையில் கிழிந்த சட்டையுடன் நிற்பவருக்கு ஸலாம் சொல்லவும் மறந்துவிடுகிறோம். வீடே உறங்கும்போது எழுந்து தஹஜ்ஜுத் தொழும் தாயை யார் அறிவார்? அல்லாஹ்விடம் நெருக்கமானவர் யார் என்பதை அவனே அறிவான். நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் எவரும் தூரமாகிவிடுவதில்லை.

இன்றிரவே வானத்தைப் பாருங்கள். நாளை பள்ளிவாசலில் அந்தக் கடைசி வரிசைக்குப் போய் முதலில் ஸலாம் சொல்லுங்கள். எவரையும் இழிவாக எண்ணாத உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.